ஜிஎஸ்டி சர்டிஃபிகேட்டும் அந்த கேள்விக்குறியும்

கரூர்ல புதுசா பெட்ஷீட் யாவாரம் ஆரம்பிச்ச தம்பி ஒருத்தன் நேத்து போன் பண்ணான், "அண்ணா ஜிஎஸ்டி நம்பர் வந்துருச்சு, கரண்ட் அக்கவுண்ட் போட பேங்க்ல ப்ரூஃப் கேக்கறாங்க, எந்த ஆபீஸ்ல வாங்கறது"ன்னு. அவனுக்கு சொன்னதத்தான் இங்கயும் எழுதறேன், ஏன்னா போன மாசம் நான் பட்டபாடு இன்னும் ஆறல.

எங்கயும் போக வேண்டாம். ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் பண்ணி சர்வீசஸ், யூசர் சர்வீசஸ், அதுக்குள்ள வியூ டவுன்லோட் சர்டிஃபிகேட்ஸ். ஆர்இஜி-06, அதான் ஜிஎஸ்டி பதிவு சர்டிஃபிகேட், பிடிஎஃப்பா வந்துரும், ஒத்த ரூபா ஃபீஸ் கிடையாது. எங்கப்பா ஜிஎஸ்டிக்கு முன்னாடி இருந்த வாட் வரி காலத்து டின் நம்பர் சர்டிஃபிகேட்ட லேமினேட் போட்டு பீரோவுல பூட்டி வெச்சிருந்தாரு, தொலஞ்சா ஆபீசுக்கு அலையணும்னு பயம். எனக்கு அந்த பயமே இல்ல, ராத்திரி பதினோரு மணிக்குக்கூட எடுத்திருக்கேன். குடோன் ஒண்ணு சேத்தப்போ அமெண்ட்மெண்ட், அதான் பதிவுல திருத்தம், போட்டேன், அப்ரூவ் ஆனதும் புது சர்டிஃபிகேட்ல அனெக்சர் ஏ-ங்கற இணைப்புப் பக்கத்துல குடோன் அட்ரஸ் ஏறி நின்னுச்சு. உண்மையிலயே சந்தோஷமா இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். லோனுக்காக ஒரு பேங்குக்கு பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்த மேடம் மொதப் பக்கத்து அடியில கையெழுத்துக் கட்டத்துல பேனாவ வெச்சு "சார் இதுல சிக்னேச்சர் நாட் வெரிஃபைடுன்னு இருக்கு, மேல கேள்விக்குறி வேற, செல்லாது"ன்னுட்டாங்க. டிஜிட்டல் கையெழுத்து மேடம், நம்ம கம்ப்யூட்டர் அத நம்பகமானதுன்னு சேத்துக்காத வரைக்கும் அப்படித்தான் காட்டும்னு சொன்னா கேக்கல. ஆபீசர் சீல் வாங்கிட்டு வாங்கன்னாங்க, அதுக்கு சீலே கிடையாதுங்க! ஒரே பேப்பருக்கு மூணு தடவ நடந்தேன், கடைய பூட்டிட்டு. இத்தனைக்கும் லாகின் கூட வேண்டாம், அதே போர்ட்டல்ல சர்ச் டாக்ஸ்பேயர்ல அந்த 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர போட்டா பேரு, ஆக்டிவ்வா இல்லையான்னு எல்லாம் அவங்க ஸ்கிரீன்லயே வந்துரும், அர நிமிஷ வேல. மேடம் மேலயும் முழுத் தப்பு சொல்லிர முடியாது, பேப்பர்ல நாட் வெரிஃபைடுன்னு அடிச்சிருந்தா யாருக்கும் யோசனை வரும்தான்.

சரி பண்றது இப்படி: போன்ல வேண்டாம், கம்ப்யூட்டர்ல அக்ரோபேட் ரீடர்ல தொறங்க, நெட் இருக்கணும். கையெழுத்து மேல ரைட் கிளிக், சிக்னேச்சர் ப்ராபர்ட்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட், ட்ரஸ்ட் டேப், ஆட் டு ட்ரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ், ஓகே, அப்புறம் வேலிடேட் சிக்னேச்சர். கேள்விக்குறி போயி பச்ச டிக் விழும், அதுக்கப்புறம் பிரிண்ட் குடுங்க. அதக் கொண்டுபோயி குடுத்த நாலாவது தடவதான் வாங்கிக்கிட்டாங்க.

இன்னொண்ணு, ரெஜிஸ்ட்ரேஷன்ல உங்க சொந்த மொபைல் நம்பர், மெயில் ஐடிதான் இருக்கணும். ஆடிட்டர் நம்பர குடுத்துட்டு பாஸ்வேர்டு மறந்தா ஓடிபி அவருக்குத்தான் போகும், அவரு ஊர்ல இல்லன்னா உங்க சர்டிஃபிகேட்ட நீங்களே எடுக்க முடியாது. அப்புறம் சர்டிஃபிகேட்ட கடையில எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டணும், வாசல் போர்டுலயும் நம்பர் எழுதணும், ரூல் 18.

வசதின்னு பாத்தா இதுக்கு மேல ஒரு கவர்மெண்ட் பேப்பர் கெடையாது. ஆனா இன்னிக்கு என்னயக் கேட்டா, அந்த கேள்விக்குறி இருக்கற வரைக்கும் நல்ல மார்க் போட மனசு வரல, மூணு நாள் யாவாரம் போயிருக்கு.

தம்பி பச்ச டிக்கோட பிரிண்ட் எடுத்து வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிருக்கான். ஆனா ஓனர் போட்டோ இருக்கற அனெக்சர் பி பக்கத்த அதுல காணோம். அதையும் எடுத்துட்டு போடான்னு சொல்லிருக்கேன்.