உடனே ஒதுக்குவதா, பொறுத்துப் பார்ப்பதா?

பழங்காலப் புனிதப் பொருள் கிடைத்ததாகச் செய்தி வந்தால், ‘எல்லாம் புளுகு’ என்று ஒதுக்குவது சுலபம். பல நேரம் அது சரியாகவும் போய்விடும். இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் டூரின் சவத்துணியை 1988-இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் முறையில் சோதித்தன. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்றே முடிவு வந்தது.

ஆனால் சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய யூத சமயக் கையெழுத்துச் சுவடிகள் விஷயத்தில் இந்த அவசரம் பலிக்கவில்லை. 1947 வாக்கில் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் அவை கிடைத்தபோது, இடைக்காலத்தவை என்று வாதாடிய அறிஞரும் உண்டு. கடைசியில் அவை ஈராயிரம் ஆண்டுப் பழமையானவை என்று உறுதியானது.

பொறுத்துப் பார்ப்பது என்றால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் சாக்கடல் சுருள்களைச் சேர்ந்தவை என்று தன்னிடமிருந்த 16 துண்டுகளைச் சோதிக்கக் கொடுத்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், தோல் பழையதுதான். மையோ அதன் வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தது. அதாவது, தோல் விரிசல் விட்ட பிறகுதான் யாரோ எழுதியிருக்கிறார்கள்! 2020-இல் 16-ம் போலி என்று அறிவித்தார்கள்.

என் ஓட்டு பொறுமைக்குத்தான். பார்க்காமலே ஒதுக்கியிருந்தாலும் ‘போலி’ என்ற அதே விடை வந்திருக்கும், சரி. எப்படிப் போலி என்பது தெரிந்திருக்காது. அடுத்த போலியைப் பிடிக்க உதவுவது அந்த விவரம்தான். பொருளைச் சோதனைக்குத் தர மறுப்பவர்களிடம் மட்டும் எனக்கு இந்தப் பொறுமை கிடையாது.