வானிலையும் ஒப்பீட்டு வடிவங்களும்: குன்னூர் வகுப்பறையில் மூன்று வழிகள்

வானிலையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசவும், இரண்டு இடங்களை ஒப்பிட்டுச் சொல்லவும் கற்பிக்க நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன: விதி அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது, அச்சிட்ட பட அட்டைகளைக் காட்டுவது, மாணவர்களே எழுதிய வானிலைக் குறிப்பேட்டிலிருந்து தொடங்குவது. குன்னூரில் மாலை வகுப்பு எடுக்கும் நான் மூன்றையும் கையாண்டிருக்கிறேன்.

முதலில் தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘குன்னூரை விட ஊட்டி குளிரானது’ என்று தமிழில் சொல்லும்போது ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘ஐ’ உருபும் ‘விட’ என்ற சொல்லும் முடித்துவிடுகின்றன. பண்பைக் குறிக்கும் சொல் அப்படியே நிற்கிறது. ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்ற பழைய இலக்கண எடுத்துக்காட்டிலும் ஐந்தாம் வேற்றுமை உருபுதான் ஒப்பைக் காட்டுகிறது, ‘கரிது’ மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ பெயரடையே ‘கோல்டு’ என்பதிலிருந்து ‘கோல்டர்’ ஆக வேண்டும். ‘ஊட்டி இஸ் கோல்டு தேன் குன்னூர்’ என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை. தமிழின் ஒழுங்கை நேர்மையாகப் பின்பற்றுகிறது.

அட்டவணையின் பலம் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. கிளவுடி, விண்டி, ஃபாகி, மிஸ்டி, சில்லி என வானிலைச் சொற்களில் பல ‘ஒய்’ எழுத்தில் முடிவதால், அதை ‘ஐ’ ஆக்கி ‘இ-ஆர்’ சேர்க்கும் ஒரே விதி பாதிப் பாடத்தை முடித்துவிடும். ஹாட், வெட் ஆகியவற்றில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ஹ்யூமிட், ப்ளெசன்ட் போன்றவை ‘மோர்’ கேட்கும். குட், பேட் இரண்டும் பெட்டர், வொர்ஸ் என முற்றிலும் மாறும். இவை அரைப் பக்கத்தில் அடங்கும். ஆனால் ‘கோல்டு, கோல்டர், கோல்டஸ்ட்’ என்று தடையின்றி ஒப்பிக்கும் மாணவரிடம் நேற்றைய குளிரையும் இன்றைய குளிரையும் ஒப்பிடச் சொன்னால் வாய் திறப்பதில்லை, அல்லது ‘மோர் கோல்டர்’ என்கிறார்.

பட அட்டைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. அவற்றில் பனிமனிதனும் இலையுதிர்காலமும் இருக்கின்றன. எங்கள் மலையில் அவை இல்லை. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல், சரிவை மூடும் பனிமூட்டத்துக்கும், புல்லை நனைக்கும் நீர்ப்பனிக்கும், சனவரியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனிக்கும், இமயத்தில் பொழியும் பனிக்கும் பொதுவாக இருப்பதால், அட்டையைப் பார்த்துப் படித்த பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தெரியும் மூட்டத்தையும் ‘ஸ்னோ’ என்றே எழுதுகிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு மட்டுமே நான் அவற்றை எடுக்கிறேன்.

என் தேர்வு குறிப்பேடுதான். காலை ஏழு மணிக்கு வெப்பமானியின் அளவு, காற்று, மூட்டம், மழை என நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஒரு மாணவி மேட்டுப்பாளையம் போய்வந்த கதையைத் தமிழில் சொன்னாள்: பேருந்து மலையிறங்கும்போது வழியிலுள்ள பர்லியாரில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தாளாம், திரும்பும்போது அதே இடத்தில் போட்டுக்கொண்டாளாம். ‘ஹாட்டர்’ என்ற சொல்லை அன்று அவளே கேட்டு வாங்கினாள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். குன்னூர் சுமார் 1,850 மீட்டரிலும் ஊட்டி சுமார் 2,240 மீட்டரிலும் இருப்பதால் இவற்றுக்கிடையே ‘எ லிட்டில் கோல்டர்’ பொருந்தும். மலையடிவார மேட்டுப்பாளையத்துக்கு ‘மச் ஹாட்டர்’ வேண்டும். இந்த அளவு வேறுபாட்டை எந்த அட்டவணையும் உணர்த்தாது.

மழையில் பாடம் இன்னும் ஆழமாகிறது. கூடலூரா குன்னூரா, எது ‘வெட்டர்’ என்று கேட்டால் மாதத்தைச் சொல்லாமல் விடையில்லை: தென்மேற்குப் பருவமழை மேற்கே கூடலூரை நனைக்கிறது, வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் உள்ள குன்னூரை நனைக்கிறது. எனவே ‘இன் ஜூலை’, ‘இன் நவம்பர்’ என்று தொடங்கும் முழு வாக்கியத்தை அவர்களே அமைக்க வேண்டியிருக்கிறது. சுற்றுலா வருவோர் அனைவரும் ‘கிளைமேட் சூப்பர்’ என்று சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, குறிப்பேட்டின் ஒரு நாள் வரி ‘வெதர்’ என்றும், ஆண்டுக்கணக்கில் சேரும் பக்கங்கள் காட்டும் போக்குதான் ‘கிளைமேட்’ என்றும் எளிதாக விளக்கிவிடலாம்.

இந்த வழி மெதுவானது. பேசத் தொடங்கவே இரண்டு வாரம் ஆகும், எழுத்துப்பிழைகளும் மலியும். ஆகவே மூன்றாம் வாரத்தில் அட்டவணையை எழுதி, அதன் பக்கத்திலேயே மாணவர்களின் வாக்கியங்களையும் எழுதுகிறேன். மாறிய எழுத்தை அவர்களே வட்டமிடுவார்கள். ‘இ-ஆர்’ இருக்கும் சொல்லுக்கு முன் ‘மோர்’ நின்றால் அதை அவர்களே அடிப்பார்கள்.