கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோவா? வேலூர் தொரப்பாடி பக்கம் இந்தக் கடைக்குப் போங்க

நம்ம வண்டி 2012 ஸ்ப்ளெண்டர், அப்பா ஓட்டினது, இப்ப நான்தான் காட்பாடிக்கு வேலைக்குப் போயினு வரேன். ரெண்டு மாசமா ஒரே தொல்லைங்க. ராத்திரி நிறுத்தினா காலையில கீழ பெட்ரோல் சொட்டி தரையெல்லாம் கறை, வீடு பூரா வாடை, சமையக்கட்டு வேற பக்கத்துலயே இருக்குதேன்னு அம்மாவுக்கு ஒரே பயம். இருபது தடவை கிக்கர் உதைச்சாதான் ஸ்டார்ட் ஆவும், ஸ்பார்க் பிளக்க கழட்டினா கருப்பா நனைஞ்சி கெடக்கும்.

மொதல்ல ஒரு கடையில கார்புரேட்டர (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பறது) கழட்டி கழுவி ஏர் அடிச்சி மாட்டி 300 வாங்கினாங்க, நாலு நாள் கூட தாங்கல. இன்னொரு எடத்துல முழுசா புது கார்புரேட்டர் போடணும், 2,500 ஆவும்னு சொல்லிட்டாங்க. அப்பதான் ஃப்ரெண்டு ஒருத்தன், தொரப்பாடியில இருந்து பாகாயம் போற வழியில ஒரு பாய் கடை இருக்குது, அங்க காட்டுடான்னான்.

பாய் ஸ்பேனரையே தொடல. ஆயில் கேஜ உருவி மோந்து பாத்தார். "தம்பி, ஆயில்ல பெட்ரோல் எறங்கி கீது, இப்படியே ஓட்டினா இஞ்சினே போயிரும்"னார். எனக்கு பக்குன்னு ஆயிடுச்சி, ஏன்னா இத்தன நாள்ல ஒருத்தரும் இத பாக்கவே இல்ல.

அப்புறம் கார்புரேட்டரோட அடி கிண்ணத்த தொறந்து, உள்ள பெட்ரோல்ல மெதக்கற ஃப்ளோட்ட எடுத்து காதுகிட்ட ஆட்டி பாத்தார், ஓட்டையிருந்தா உள்ள பெட்ரோல் பூந்து சளக் சளக்குன்னு கேக்குமாம். அது நல்லா இருந்துச்சி. அதுக்கப்புறம் ஊசி மாதிரி இருக்கற பின்ன உருவி என் உள்ளங்கையில வச்சார், முனையில இருக்கற ரப்பர்ல முடி கனத்துக்கு சுத்தியும் ஒரு தடம், அவ்ளோதான். கிண்ணம் ரொம்பினதும் ஃப்ளோட் மேல வந்து இந்த பின்ன தள்ளி ஓட்டைய அடைக்கணும், ரப்பர் தேஞ்சா அடைக்காது, டேங்க் மேல இருக்குது இல்ல, ராத்திரி பூரா பெட்ரோல் எறங்கினே இருக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆவறதில்லன்னும் சொன்னார்.

புது பின் போட்டு மூடிட்டும் விடல. கிண்ணத்துக்கு அடியில இருக்கற டிரைன்ல ஒரு வெள்ள பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மேல தூக்கிப் புடிச்சி ஸ்க்ரூவ லூஸ் பண்ணார். உள்ள எவ்ளோ மட்டம் இருக்குதோ டியூப்லயும் அதே மட்டத்துல பெட்ரோல் நிக்குது! பத்து நிமிஷம் பாத்தோம், ஏறவே இல்ல. அந்த பொறுமைக்கே காசு குடுக்கலாம்.

பின், புது ஆயில், கூலி எல்லாம் சேத்து 780 ரூபாய். அஞ்சு வாரம் ஆச்சி, தரை காஞ்சே இருக்குது, ரெண்டாவது கிக்குக்கு ஸ்டார்ட் ஆவுது.

கொறைன்னா, மூணு மணி நேரம் வெயில்ல நின்னேன், உக்கார பெஞ்சு கூட இல்ல, வேலூர் வெயில் தெரியுமில்ல. பில்லும் தர்றதில்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் போயிடாதீங்க, தொழுகைக்கு மூடிடுவாங்க.

வண்டி இஞ்சின்ல பெட்ரோல் ரொம்பி அடைச்சிக்கிச்சின்னா சோக்க போட்டு உதைக்காதீங்க, இன்னும்தான் ரொம்பும். பெட்ரோல் டேப்ப மூடிட்டு, சொட்டறது நின்னு வாடை போனப்புறம் சோக் இல்லாம ஆக்சிலேட்டர முழுசா முறுக்கி உதைங்க, புடிச்சதும் விட்டுடுங்க. ராத்திரி நிறுத்தும்போதும் டேப்ப மூடுங்க. எந்தக் கடைக்குப் போனாலும் பழைய பின்ன கேட்டு வாங்கிப் பாருங்க.