மூன்று நாள் வேலை செய்யாத ஒரு பொத்தான்

2009இல் வெளிவந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ வீடியோ விளையாட்டின் விலை இப்போது குறைந்திருப்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வெளிவந்த ஆண்டிலிருந்து ஆறேழு முறை அதை முடித்திருக்கிறேன் என்பதால், வேறு சமயமாக இருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்ட நேரத்தில் என் கன்ட்ரோலர் பழுது நீங்கி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அது கெட்டுப்போயிருந்த மூன்று நாள்களில் நான் கண்டதைச் சொல்லாமல் அவருக்குப் பதில் எழுத மனம் ஒப்பவில்லை.

கெட்டுப்போனது இடப்பக்கத் தோள் பொத்தான் மட்டுமே. இந்த விளையாட்டில் டிடெக்டிவ் மோடை இயக்குவது அந்தப் பொத்தான்தான். அழுத்தியவுடன் திரை நீலமாகும். சுவருக்கு அப்பால் நிற்பவர்கள் எலும்புக்கூடுகளாகத் தெரிவார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் சிவப்பாகத் தனித்துத் தெரிவார்கள். அவர்களின் இதயத் துடிப்பும், அவர்கள் அமைதியாக இருக்கிறார்களா நடுங்குகிறார்களா என்பதும்கூட எழுத்தில் வந்துவிடும். இதற்குக் கால வரம்பு இல்லை, தீர்ந்துபோகும் ஆற்றல் இல்லை, தண்டனையும் இல்லை. அணைத்து வைக்க ஒரு காரணமும் தராத வசதியை யாரும் அணைக்கமாட்டார்கள். நானும் இத்தனை ஆண்டுகளாக, கதை நடக்கும் அந்த மனநலக் காப்பகத் தீவை நீல நிற எலும்புக்கூடுகளின் உலகமாகவே கடந்து வந்திருக்கிறேன்.

பொத்தான் இயங்காத அந்த மூன்று நாள்களில்தான் பேட்மேனின் மேலங்கி ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் கிழிந்துகொண்டே போவதையும், கவசத்தில் கீறல்கள் கூடுவதையும், ஓர் இரவு நகர நகர அவன் தாடையில் மயிர் அரும்புவதையும் கவனித்தேன். ஒரே இரவில் நடக்கும் கதை இது என்பதை எந்த உரையாடலையும்விட அந்த உடல் உறுதியாகச் சொல்கிறது. துப்பாக்கிக்காரர்கள் உலவும் கூடங்களில், கூரையோரக் கற்சிலைகளின் மேல் அமர்ந்துகொண்டு, காலடி ஓசையையும் முணுமுணுப்பையும் வைத்தே யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணிக்கவேண்டியிருந்தது. ஒருவனைத் தலைகீழாகத் தொங்கவிட்ட பிறகு ஒலிபெருக்கியில் வில்லன் ஜோக்கர் அதை மற்றவர்களுக்கு அறிவிக்கும்போது, அவர்கள் அஞ்சுவதை எழுத்தில் படிக்காமல் குரலில் கேட்டேன். 1992இல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடரில் பேட்மேனுக்குக் குரல் தந்த கெவின் கான்ராயும் ஜோக்கருக்குக் குரல் தந்த மார்க் ஹாமிலும் இதிலும் அதே பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் கான்ராய் மறைந்த பிறகு அந்தக் குரலைக் கேட்பதே எனக்குக் கனமான அனுபவமாகிவிட்டது. அதையும் இத்தனை நாள் பாதிக் காதோடுதான் கேட்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது.

சண்டை முறையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தாக்க வருபவன் தலைக்கு மேல் மின்னும் கோடுகளைப் பார்த்து உரிய நொடியில் எதிர்த்தாக்குதல் பொத்தானை அழுத்தவேண்டும். தாளம் தப்பினால் தொடர் அடிகளின் எண்ணிக்கை அறுந்துவிடும். சூப்பர்மேனை வளையங்களுக்குள் பறக்கவிட்ட 1999ஆம் ஆண்டு விளையாட்டை நினைத்துப் பார்த்தால், ஒரு நாயகனின் உடலாற்றலை நம் விரல்களுக்கு மாற்றித் தருவதில் இது எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது விளங்கும். இறுதிச் சண்டை மட்டும் இந்தத் தரத்துக்கு வெகு கீழே நிற்கிறது.

என் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. காப்பகத் தலைவரான வார்டனின் அலுவலகத்தில் ஒரு சுவருக்குப் பின்னால், அடுத்த பாகமான ‘ஆர்க்கம் சிட்டி’யின் வரைபடங்கள் தொங்கும் ரகசிய அறை ஒன்று இருக்கிறது. உடைக்கக்கூடிய மற்றச் சுவர்களைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டிவ் மோட் இந்தச் சுவரைக் காட்டாது. யாரும் அதைக் கண்டுபிடிக்காததால், பல மாதங்களுக்குப் பிறகு உருவாக்கியவர்களே அதை அறிவிக்கவேண்டியிருந்தது. ஸ்கேர்குரோ என்ற வில்லன் வரும் கட்டம் ஒன்றில் விளையாட்டே உறைந்து மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடுவதுபோலக் காட்டி நம்மைக் கலங்கடிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். பார்வையை மறைத்தால்தான் வியப்பு பிறக்கும் என்று நன்றாக அறிந்தவர்கள், எல்லாவற்றையும் காட்டும் ஒரு பொத்தானை எந்தத் தடையும் இல்லாமல் நம் விரலடியில் வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைத் தொடாமலே ஆடிவிடலாம் என்றும் சொல்ல இயலாது. மது வாசனையையும் புகையிலைத் துகளையும் பின்தொடரும் இடங்களில் கதையே அதைக் கேட்கிறது. நானும் அப்படி ஓர் இடத்தில்தான் நின்றுபோய், கன்ட்ரோலரைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். அது திரும்பி வந்த அன்றிரவே என் விரல் பழைய இடத்துக்குப் போய்விட்டது, திரையும் நீலமாகிவிட்டது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் இன்று மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஆறுக்கு மேல் தரமாட்டேன். நண்பரை ‘ஆர்க்கம் சிட்டி’யையே முதலில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதில் சில எதிரிகள் முதுகில் ஒரு கருவியைச் சுமந்து வருகிறார்கள். அவர்கள் அருகில் இருக்கும்வரை டிடெக்டிவ் மோட் குலைந்துபோகும், அந்த ஆளைத் தேடிப் பிடிக்கும்வரை கண்ணும் காதும்தான் துணை.