அலாஸ்காவில் கரிபூ வேட்டை: ஆகஸ்டா, செப்டம்பரா?

கரிபூ என்ற பெரிய வடதுருவ மானை வேட்டையாட, வட அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே போக நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதத்தை. ஆகஸ்டில் பகல் நீளம், குளிரும் தாங்கக்கூடியது. ஆனால் கொசு பிடுங்கி எடுத்துவிடும். வளரும் கொம்பை மூடியிருக்கும் மயிர்த்தோல் இன்னும் உரிந்திருக்காது. வெயில் ஏறினால், வெட்டிய இறைச்சியைக் கெடாமல் காப்பதே பாதி வேலை.

செப்டம்பரில் கொசு அடங்கிவிடும். துணிப்பையில் தொங்கவிட்ட தொடைக்கறி காற்றிலேயே குளிர்ந்து, மேலே பொருக்குத் தட்டும். மந்தைகளும் தெற்கே நகரத் தொடங்கும். எப்போது என்பதுதான் சிக்கல்: குளிரும் பனியும் தள்ளினால்தான் அவை கிளம்பும். மேற்கு அலாஸ்காவின் பெரிய கரிபூ மந்தை, மலைத்தொடருக்குத் தெற்கே உள்ள கோபுக் ஆற்றைக் கடப்பது சமீப ஆண்டுகளில் தள்ளிப்போய்விட்டது. அதற்காக அக்டோபர் வரை காத்திருந்தால், இணைசேரும் பருவத்துக் கிடாவின் கறி நாறும்!

அப்புறம் விமானம்: அங்கே பெரும்பாலும் அதில்தான் போக வேண்டும். மூடுபனி இறங்கினால் சிறு விமானம் வராது. கூடாரத்திலேயே நாள் கழியும். வடக்கே போகும் டால்டன் நெடுஞ்சாலை வழியே காரில் போகலாம்தான், ஆனால் சாலையின் இருபுறமும் 5 மைல் வரை துப்பாக்கி கூடாது, வில் மட்டும்தான்.

என் ஓட்டு செப்டம்பர் முற்பகுதிக்கு. மூன்று நான்கு நாள் சாப்பாடு கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள்.