மின்னஞ்சல் இணைப்பை எங்கே வைப்பது: கோப்புறையா, தரவுத்தளமா?

திருகோணமலையில் அச்சகம் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கமிருந்து கலியாண அழைப்பிதழும் திருவிழா நோட்டீசும் மின்னஞ்சலில் வரும். அவற்றின் இணைப்புகளை, அதாவது அஞ்சலோடு சேர்த்து அனுப்பும் கோப்புகளை, பிரித்து எடுத்து வைப்பதுதான் நிரலின் வேலை.

அஞ்சலை வந்தபடியே விட்டு, வேண்டும்போது பிரிக்கலாம். ஆனால் கோப்பை எழுத்துகளாக்கி அஞ்சலில் அனுப்பும் பேஸ்64 முறை 3 பைட்டை 4 எழுத்தாக்குவதால் 9 எம்பி படம் 12 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். அதை அப்போதே தள்ளிவிட்டேன்.

கோப்புறையில் போட்டால் வடிவமைக்கும் பெடியன் நேரே திறந்து வேலையைத் தொடங்கலாம். தலைவலி பெயர்தான். நிரல் ஓடுவது லினக்ஸில். அங்கே ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுதான். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், 'தி' என்றால் இரண்டு குறி, 6 பைட். ஆக 85 குறியோடு சரி. விண்டோஸ் பைட்டை அப்படி எண்ணுவதில்லை. கோவில் பெயர், ஊர், தேர்த் திருவிழா, ஆண்டு எல்லாம் சேர்த்து ஒருவர் அங்கே வைத்த பெயரில் என் நிரல் முதல் வாரமே நின்றுபோனது. இன்னொரு பக்கம், எல்லாரும் 'இன்விடேஷன்' என்றே அனுப்புவார்கள். கவனிக்காவிட்டால் ஒருவருடைய அழைப்பிதழ் மேல் மற்றவருடையது ஏறிவிடும். பெயருக்குள் இரண்டு புள்ளியும் சாய்கோடும் வைத்து, கோப்புறைக்கு வெளியே எழுத வைக்கும் விஷமிகளும் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பெயர் அட்டவணையின் வெறும் ஒரு பத்தி, எவ்வளவு நீளமானாலும் பிரச்சினை இல்லை. இடையில் கரண்ட் போனாலும் பாதி எழுதிய இணைப்பு மிஞ்சாது. 100 கேபிக்குக் குறைந்தவற்றை உள்ளே வைப்பதுதான் வேகம் என்று அதை உருவாக்கியவர்களே அளந்து சொல்லியிருக்கிறார்கள். கையொப்பத்தோடு ஒட்டி வரும் லோகோவுக்கு அது சரி, அச்சுக்கு வரும் பிடிஎஃப்புக்குச் சரிவராது. அப்புறம், நண்பர் பிரதி எடுப்பது பென்டிரைவில். அது ஃபேட்32 வகை. 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. வீங்கிக்கொண்டே போகும் தரவுத்தளம் ஒருநாள் அங்கே முட்டும்.

கடைசியில் இரண்டையும் கலந்தேன். கோப்பு கோப்புறையில், நிரல் கொடுக்கும் எண்ணே அதன் பெயர். அனுப்பியவர் வைத்த பெயரும் திகதியும் முகவரியும் தரவுத்தளத்தில். முதலில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, பிறகுதான் எண்ணுக்கு மாற்றுகிறேன். கரண்ட் போனால் கிடக்கும் அரைகுறையை நிரல் அடுத்த முறை துடைத்துவிடும்.

"அண்ணை, 417 ஆற்றை எண்டு எப்பிடித் தெரியும்?" என்று பெடியன் முறைத்தான். தேடல் பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். கோப்புப் பெயரை வைத்து இதுவரை ஒருவரும் தேடவில்லை. நண்பர் கேட்பது வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணில் தேடும் வசதி.