டிசிஎஸ் மாடல் வியூவர்: கோளாறு மாடலிலா, லுவாவிலா?

விமானத்தின் சக்கரம் இறங்கும்போது ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் கால்) கதவைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) கீலை விட்டு விலகிச் சுழலும். டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர்விமான விளையாட்டுக்கு மாட் (பயனர்கள் சேர்க்கும் கூடுதல் பகுதி) செய்கிறவர்களுக்கு இவை பழகிய தொல்லைகள். கோளாறு முப்பரிமாண மாடலில் இருக்கிறதா, அதை இயக்கும் லுவா நிரல் கோப்பில் இருக்கிறதா என்பதைப் பிரித்துக் காட்ட, விளையாட்டைத் தயாரிக்கும் ஈகிள் டைனமிக்ஸின் மாடல் வியூவரை விடச் சுருக்கமான வழி கிடையாது.

விமானத்தின் மாடல் இருக்கும் இடிஎம் கோப்பை அதில் திறங்கள். அசையும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆர்குமென்ட் எண் உண்டு: 0 மூக்குச் சக்கரம், 3 வலது, 5 இடது சக்கரம், 11, 12 எய்லரான்கள் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகைகள்), 15, 16 எலிவேட்டர்கள், 21 ஏர்பிரேக், 38 கேனபி (விமானியறை மூடி). அதற்குரிய ஸ்லைடரை மெதுவாக நகர்த்துங்கள்; எல்லை −1 முதல் 1 வரை. இரண்டு முனைகளை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. கதவும் ஸ்ட்ரட்டும் மோதிக்கொள்வது பெரும்பாலும் நடுவழியில்தான். கதவு முழுதாகத் திறக்கும் கீ (அசைவில் ஒரு நிலையைக் குறித்துவைக்கும் புள்ளி), ஸ்ட்ரட் கிளம்பும் கீக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பாகம் கீலை விட்டு விலகினால் பிவட் (பாகம் சுழலும் மையப்புள்ளி) தப்பான இடத்தில் இருக்கிறது. இறக்கையை மிரர் செய்த பிறகு ஒரு பக்கம் மட்டும் எதிர்த்திசையில் திரும்பினால், மைனஸ் ஸ்கேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு கீகளைப் புதிதாக வையுங்கள். சக்கரமோ புரொப்பெல்லரோ சுழலாமல் நின்றால் 0°, 360° என இரண்டே கீ வைத்திருப்பீர்கள். சுழற்சியைக் குறிக்கும் குவாட்டர்னியன் கணக்கில் இரண்டும் ஒரே நிலை. 0, 120, 240, 360 என நான்கு கீ வைத்தால் ஓடும். சம்பந்தமில்லாத இரண்டு பாகங்கள் சேர்ந்தே அசைந்தால் ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுத்திருக்கிறீர்கள்.

வியூவரில் சரியாக ஓடி, விளையாட்டில் மட்டும் சொதப்பினால் லுவாவில் மெக்அனிமேஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். கேனபிக்கு 38-ஐ 0.9 வரை 9 வினாடியில் கொண்டுபோ என்பது போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். வேகம், முடியும் அளவு இரண்டையும் அங்கே மாற்றலாம். கிட்டத்தில் சரியாக இருக்கும் சக்கரம் தூரத்தில் போனதும் திடீரென்று வெளியே தெரிந்தால், அடுத்த எல்ஓடி மாடலில் (தூரத்தில் காட்டப்படும் எளிய வடிவம்) அந்த ஆர்குமென்ட் விடுபட்டிருக்கும். ஒவ்வொரு எல்ஓடி கோப்பையும் தனியாகத் திறந்து பார்ப்பது அலுப்பான வேலை, ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

ஒரு பெரிய குறை: இது காட்டும், திருத்தாது. பிவட்டை நகர்த்த மூல பிளெண்டர் அல்லது 3டிஎஸ் மேக்ஸ் கோப்பு வேண்டும். அது கையில் இல்லாத அடுத்தவர் மாட் என்றால் லுவாவில் நேரத்தையும் அளவையும் மாற்றுவதோடு சரி. அந்த மாற்றத்தையும் சேவ்டு கேம்ஸுக்குள் இருக்கும் மாட்ஸ் ஃபோல்டரில் செய்யுங்கள். விளையாட்டின் சொந்தக் கோப்பில் கை வைத்தால், இன்டெக்ரிட்டி செக் (கோப்புகள் மாறியுள்ளனவா என்ற சோதனை) வைத்திருக்கும் சர்வர்கள் உள்ளே விடாது.